ஓடக் கூடாத லிஃப்ட்

எங்கள் அலுவலகம் ஐந்து மாடி. நிலத்தை அளப்பது, அளந்ததைப் படமாக வரைவது, வரைந்த படத்தை யாருக்கும் சுலபத்தில் கிடைக்காதபடி ஐந்தாவது மாடியில் அடுக்கி வைப்பது எங்கள் வேலை. நான் மூன்றாவது மாடியில் தபால் பிரிவு. உள்ளே வருவதும் வெளியே போவதும் என் கையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதனால் லிஃப்ட்காரருக்கு நடந்தது எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும்.

லிஃப்ட்காரருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, எண்ணெய்க் கறை போகாத விரல்கள், யாரிடமும் குரல் உயர்த்தாத சுபாவம். மனைவியின் அண்ணன் அவரை 'லிஃப்ட் மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். இருபத்தாறு வருடமாக ஒரே லிஃப்டைப் பார்த்துக்கொண்டவர். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையைச் சிலர் பூஜை அறையை வைத்திருப்பதைவிடச் சுத்தமாக வைத்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இயக்குநரே ஒருமுறை செருப்போடு நுழையப் பார்த்து, அவர் பார்த்த பார்வையில் பின்வாங்கியிருக்கிறார்.

இப்படிப்பட்டவரின் லிஃப்ட் ஒரு நாள் மத்தியானம் நின்றது. மோட்டாரின் பிரேக்கை விடுவிக்கிற காயில், ஒரு சொம்பு அளவுக்குச் செம்புக் கம்பி சுற்றிய சாமான், எரிந்துபோனது. லிஃப்ட் தரைத்தளத்துக்கு ஒன்றரை அடி மேலே நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஆறு பேரையும் கதவைத் திறந்து கைகொடுத்து இறக்கினார். லிஃப்டைக் கையால் சுற்றித் தரைக்குச் சமமாகக் கொண்டுவர ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஆய்வு முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. எட்டு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார், எட்டிப் பார்த்தார், "நின்னுபோச்சு" என்று கண்டுபிடித்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தொடலாம் என்று எழுத மட்டும் அவருக்கு மறந்துவிட்டது.

லிஃப்ட்காரர் ஒரு அட்டையில் 'பழுது' என்று எழுதிக் கதவருகே மாட்டினார். காயில் கேட்டுத் தலைமையகத்துக்குக் கடிதம் போட்டார். பிறகு நினைவூட்டல். பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். மொத்தம் பதினான்கு. பதினொன்றாவதற்கு மட்டும் பதில் வந்தது: 'தங்கள் நினைவூட்டல் எதை நினைவூட்டுகிறது என்பதைத் தெரிவிக்கவும்.'

லிஃப்ட் ஓடாவிட்டாலும் அவர் வேலை ஓடியது. தினமும் காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஐந்து மாடியும் ஏறி, ஓடாத மோட்டாரைத் துடைத்து, அசையாத கம்பி வடத்துக்கு எண்ணெய் பூசிவிட்டு இறங்குவார். எதிரே வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னங்க, லிஃப்ட்காரரே படியில போறீங்க?" என்பார்கள். அதைக் கேட்காமல் அவருக்கு ஒரு நாளும் விடியவில்லை. அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவர் மனைவிக்கும் இதே பாட்டுத்தான். "உங்க வீட்டுக்காரர் எங்களையெல்லாம் இளைக்க வைக்கிறாரும்மா" என்று வாடிக்கையாளர்கள் சொல்ல, அவர் வாயைத் திறக்காமல் பிரதி எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்குப் போனதும் திறப்பார்.

இரண்டு வருடம் ஏழு மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் அரசாங்கத்துக்குக் கலை மீது ஆசை வந்தது.

மக்கள் நடமாடும் இடங்களில் எல்லாம் கலையை வைப்பது என்று ஒரு திட்டம். சந்தை, பேருந்து நிலையம், மருத்துவமனை வராந்தா என்று கலைஞர்களுக்கு ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார், சட்டையில் ஏழெட்டுப் பைகள். ஓவியம் வரைவாரா என்று கேட்டதற்கு, "வரையறதில்லைங்க, நிறுவல் கலை செய்றேன். புழங்குற பொருளை எடுத்து, யாரும் எதிர்பார்க்காத இடத்துல நிறுவுறது" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்க அவருக்கு நிறுவலம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

இயக்குநர் அவரை வாசல் கூடம், தோட்டம், புதிதாக வெள்ளையடித்த சுவர் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் போனார். நிறுவலம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. லிஃப்டைத் தாண்டும்போது மட்டும் அப்படியே நின்றுவிட்டார். ஒன்றரை அடி உயரத்தில் தொங்கும் பெட்டி, திறந்த கதவு, அட்டை.

"இது யார் செஞ்சது?"

எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற லிஃப்ட்காரர், புகார் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "நான்தாம்மா பார்த்துக்கிறேன்."

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு வருஷம் ஏழு மாசம்."

"அற்புதம்" என்றார் நிறுவலம்மா.

லிஃப்ட்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டல் மாதிரித் தெரியவில்லை. அந்த லிஃப்டைப் பற்றி என்னென்னவோ கேட்டிருக்கிறார். இந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை.

அடுத்த மூன்று வாரம் நிறுவலம்மா மாடி மாடியாக அலைந்து பொருள் சேர்த்தார். மை காய்ந்த ரப்பர் முத்திரைகள், கோப்புக் கட்டும் நாடா, சக்கரம் கழன்ற நாற்காலிகளின் சக்கரங்கள், யாரோ மறந்துவிட்டுப் போன குடைகள், சொந்தக்காரர் தெரியாத டிபன் டப்பாக்கள். எல்லாவற்றையும் மெல்லிய கம்பியில் கோத்து லிஃப்டுக்குள் தொங்கவிட்டார். வேலையில் கெட்டிக்காரர்தான், அதை மறைக்கக் கூடாது. ஒரு முத்திரையின் உயரத்தைச் சரிசெய்ய அரை நாள் நிற்பார். லிஃப்ட்காரர் ஏணி பிடித்துக் கொடுத்தார். கம்பியில் எந்த முடிச்சு நழுவாது என்று காட்டிக் கொடுத்தார். நிறுவலம்மா அந்த முடிச்சையே எல்லாவற்றுக்கும் போட்டார்.

படைப்புக்குப் பெயர் 'ஏற்றம்'. 'நின்றுபோனதன் வழியே நகர்தலை விசாரிக்கிறது' என்று பக்கத்தில் பலகை வைத்தார்கள். பழுது அட்டைக்குக் கண்ணாடிச் சட்டம். திறப்பு விழாவுக்கு வந்த துறைச் செயலாளர், இப்படி ஒரு படைப்பு உருவாக அலுவலகம் அளித்த ஒத்துழைப்பைப் பாராட்டினார். இயக்குநர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். இரண்டே முக்கால் வருடம் எதையும் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஒத்துழைப்பு என்பது எங்களுக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.

முன்னால் ஒரு கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை வைத்து, ஒரு நாற்காலியும் போட்டு, காவலுக்கு லிஃப்ட்காரரை உட்கார வைத்தார்கள். இருபத்தாறு வருட வேலையில் அவருக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது. கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களெல்லாம் அவரிடம் அர்த்தம் கேட்டார்கள்.

"பிரேக் காயில் எரிஞ்சுபோச்சுங்க" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அரைப் பக்கம் வந்தது. 'பிரேக் எரிந்துவிட்டது என்கிறார் எளிய காவலர். நம் காலத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எந்தத் தத்துவவாதி சொல்லிவிட முடியும்?' என்று எழுதியிருந்தார்கள். அவர் மனைவி அதை ஐம்பது பிரதி எடுத்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கொடுத்தார். லிஃப்ட்காரர் மட்டும் ஒரு பிரதியை என்னிடம் நீட்டி, "காயில்ங்கிறதை விட்டுட்டாங்களே சார்" என்று வருத்தப்பட்டார். "பிரேக் நல்லாத்தான் இருக்கு."

கண்காட்சிக்கு மூன்று மாதம் என்று பேச்சு. இரண்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பார்சல் ஒன்று வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே காயில். எந்த நினைவூட்டலுக்கு வந்தது என்று எழுதியிருக்கவில்லை. கீழே சொல்லி அனுப்பினேன். லிஃப்ட்காரர் மூன்று மாடியையும் ஓடியே வந்தார். பிரித்துப் பார்த்தவர், பிறந்த குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையாலும் எடுத்தார். எதையும் எளிதில் காட்டாத முகம், அன்றைக்குக் காட்டிவிட்டது.

நேராக இயக்குநர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன், ரசீதில் கையெழுத்து வாங்க.

"சார், சாமான் வந்துடுச்சு. ரெண்டு நாள் கொடுங்க, ஓட்டிக் காட்டுறேன்."

இயக்குநர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். "எதை ஓட்டுவீங்க?"

"லிஃப்டை சார்."

"அது இப்ப லிஃப்ட் இல்லைங்க. விருதுக் குழு பட்டியல்ல இருக்கு. ஒரு வருஷம் நீட்டிச்சாச்சு. அதுல கை வெச்சா அரசாங்கச் சொத்துக்குச் சேதம்."

"அப்ப இந்தக் காயிலைத் திருப்பி அனுப்பிடலாமா சார்?"

"வந்த சாமானை முப்பது நாளுக்குள்ள மாட்டலைன்னா தணிக்கையில என்னைக் கேட்பாங்க."

"மாட்டவும் கூடாது, மாட்டாம இருக்கவும் கூடாதுங்களா?"

"கரெக்ட்" என்றார் இயக்குநர், விஷயம் ஒருவழியாகப் புரிந்ததே என்ற நிம்மதியில்.

லிஃப்ட்காரர் காயிலைத் துணியில் சுற்றி மோட்டார் அறையில் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதும் அவர் எதுவும் செய்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். உத்தரவை மீறுகிற ரகம் இல்லை அவர். அந்த வியாழக்கிழமை சக்கர நாற்காலியில் ஒருவர் வராமல் இருந்திருந்தால், கதை இதோடு முடிந்திருக்கும்.

அவருக்கு அறுபது வயது இருக்கும். நான்காவது மாடியில், அதிகாரியின் முன்னால், நேரில் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி கீழே வந்து வாங்க விதியில் இடமில்லை. அதிகாரியின் கால்கள் நன்றாகத்தான் இருந்தன, விதிக்குத்தான் முடியவில்லை. கடைசியில் லிஃப்ட்காரர், இரண்டு பியூன்கள், நான், நால்வரும் அவரை நாற்காலியோடு தூக்கினோம். 'ஏற்றம்' பார்க்க வந்திருந்த கல்லூரிக் கூட்டம் ஒன்று வழிவிட்டு நின்றது. ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "இதுவும் இதுல சேர்ந்ததா?"

யாரோ செல்போனை எடுத்தார்கள். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். முதல் திருப்பத்தில் நாங்கள் மூச்சு வாங்க நின்றபோது கைதட்டினார்கள்.

நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பி, "நான் நடிக்க வரலைங்க. கையெழுத்துப் போட வந்தேன்" என்றார்.

அதற்கும் கைதட்டினார்கள்.

இறக்கிக் கொண்டுவந்து வாசலில் விட்டதும் அவர் லிஃப்ட்காரரிடம் கேட்டார். "எப்பங்க சரியாகும்? அடுத்த மாசம் இன்னொரு கையெழுத்து இருக்குன்னாங்க."

"சாமான் வந்துடுச்சுங்க."

"அப்புறம் என்ன?"

லிஃப்ட்காரர் தொங்கும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் சொன்னதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சக்கர நாற்காலிக்காரர் சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு போனார். அன்று லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்காரவில்லை. சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. அன்று நடந்ததை அவர் மனைவிதான் ஜெராக்ஸ் கடையில் வைத்து எனக்குச் சொன்னார். மோட்டார் அறைச் சாவி எப்போதும் லிஃப்ட்காரரிடமே இருக்கும். காவலாளியிடம், "மேல வேலை இருக்கு" என்று உண்மையையே சொல்லிவிட்டு, மனைவியோடு காலை ஒன்பது மணிக்கு உள்ளே போயிருக்கிறார். மாட்டுவதற்கு மூன்று மணி நேரம். பிறகு மோட்டார் அறையிலிருந்து, கீழே லிஃப்ட் கதவருகே நின்ற மனைவியைச் செல்போனில் கூப்பிட்டார்.

"இப்ப என்ன தெரியுது, பாரு."

"எல்லாம் ஆடுதுங்க."

"எது ஆடுது?"

"அந்தம்மா தொங்கவிட்டதெல்லாம். பெட்டி இறங்குது. தரைக்கு வந்துடுச்சுங்க."

அதோடு அவர் மனைவியை ஏறவிட்டுவிடவில்லை. வெறும் பெட்டியாக இருபது தடவை ஓட்டினார். பிறகு இரண்டாவது மாடியிலிருந்து பழைய பதிவேட்டுக் கட்டுகளை எட்டு ஆள் எடைக்கு ஏற்றி, பத்துத் தடவை ஓட்டினார். அந்தப் பதிவேடுகளும் அன்றுதான் முதன்முதலாக ஒரு உபயோகத்துக்கு வந்தன. இடித்துக்கொண்டிருந்த நாலைந்து டிபன் டப்பாக்களின் கம்பியை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கட்டினார், அதே முடிச்சில். மற்றபடி எதையும் அகற்றவில்லை.

எல்லாம் முடிந்ததும், "வா" என்றார்.

கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அவர் மனைவி அந்த லிஃப்டில் ஏறியதே இல்லை. வேலை இருந்தால் கீழேயே கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போய்விடுவார். இப்போது குடைகளுக்கும் முத்திரைகளுக்கும் நடுவில் கணவரோடு நின்றுகொண்டு ஐந்து மாடியும் போனார். "பேசவே இல்லை சார் அவர்" என்றார் என்னிடம். "ஒவ்வொரு மாடிக்கும் காதை மட்டும் இப்படிச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு இருந்தார். அஞ்சாவதுல நின்னதும், 'சத்தம் இல்லை பார்த்தியா'ன்னார். நான் எதுக்கோ அழுதுட்டேன். முத்திரை ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

திங்கட்கிழமை காலை நாங்கள் வந்தபோது கயிறு ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. லிஃப்ட் தரையோடு தரையாக நின்றது. முதலில் யாரும் ஏறவில்லை. தொடாதீர்கள் என்ற பலகைக்குப் பழகிப்போன கால்கள். பிறகு கணக்குப் பிரிவில் நிறைமாதமாக இருந்த பெண் ஒருத்தி, "தொடலை, ஏறத்தானே போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். பத்து மணிக்குள் வரிசை நின்றது. முகத்தில் முத்திரை இடிக்க, தோளில் நாடா உரச, அலுவலகம் முழுவதும் மேலும் கீழும் போய்வந்தது. வேலை இல்லாதவர்கள்கூடப் போய்வந்தார்கள், அதாவது பெரும்பாலானவர்கள்.

பதினொரு மணிக்கு மெமோ தயாராகிவிட்டது. இத்தனை வேகமாக ஒரு காகிதம் என் பிரிவைக் கடந்ததை நான் பார்த்ததில்லை. 'அனுமதியின்றி லிஃப்டை ஓடச் செய்த குற்றத்துக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' லிஃப்ட்காரர் அதே தாளின் அடியில் பதில் எழுதினார்: 'என் நியமன உத்தரவில் இதைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறது.'

மத்தியானம் நிறுவலம்மா வந்தார். இயக்குநர் வாசலிலேயே நின்று, தனக்கு எதுவும் தெரியாது என்பதை மூன்று விதமாகச் சொன்னார். நிறுவலம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என் வேலையைக் கெடுத்துட்டீங்களே."

"உங்க வேலையை நான் தொடலைம்மா" என்றார் லிஃப்ட்காரர். "டப்பாவை மட்டும் நாலு விரல் தூக்கிக் கட்டினேன். என் வேலையைத்தான் செஞ்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும். சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்." பிறகு அந்தச் சக்கர நாற்காலிக்காரரைப் பற்றிச் சொன்னார். கைதட்டியதையும் சொன்னார். கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாத மனிதர்; நடந்தது நடந்தபடி வந்தது.

நிறுவலம்மாவின் ஆத்திரம் அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. "மேல என்ன இருக்கு?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் மோட்டார் அறைக்குக் கூட்டிப் போனார். நிறுவலம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெரிய சக்கரம் சுழல்வதையும், எண்ணெய் மினுங்கும் வடம் ஏறி இறங்குவதையும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை யாரும் வந்து பார்க்கறதில்லையா?"

"இதுல பார்க்க என்னம்மா இருக்கு? ஓடுது."

மிச்சத்தை இயக்குநர் பார்த்துக்கொண்டார். விருதுக் குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு குறிப்பு எழுதினார்: 'மேற்படி படைப்பு நிலைத்த கட்டத்திலிருந்து இயங்கும் கட்டத்துக்கு, இந்த அலுவலகத்தின் மேற்பார்வையில், திட்டமிட்டபடி மாற்றப்பட்டுள்ளது.' திட்டமிட்டபடி நடந்த காரியத்துக்கு ஒருவரைத் தண்டிக்க முடியாதே, மெமோ தானாகவே செத்தது. குழு வந்து, லிஃப்டில் மூன்று தடவை போய்வந்து, ஆறுதல் பரிசு கொடுத்தது. அதை வாங்கிக்கொள்ள இயக்குநரே மேடைக்குப் போனார், ஏனென்றால் நிறுவலம்மா போகவில்லை. ஒரு வருட நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் அவர் வந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கினார். லிஃப்ட்காரர் ஏணி பிடித்தார். குடைகளுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். இருந்த குடை பதினொன்று, உரிமை கொண்டாடியவர்கள் பத்தொன்பது பேர்.

அதன் பிறகு லிஃப்ட் ஓடியது. ஓடுகிற லிஃப்டின் ஆளை யார் கவனிக்கிறார்கள்? நாற்காலியை வரவேற்பறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அவரிடம் கேட்க எதுவும் இல்லாமல் போனது. அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்து நிறுவலம்மாவிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மூடிக் கிடக்கும் ஒரு பஞ்சு மில்லில் புதுப் படைப்பு செய்கிறாராம். அங்கே சரக்கு ஏற்றும் பழைய லிஃப்ட் ஒன்று இருக்கிறது, அது ஓட வேண்டும், பத்து நாள் வர முடியுமா என்று கேட்டிருந்தார். லிஃப்ட்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என் மேஜையிலேயே விடுப்பு விண்ணப்பம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'கலைப் பணி' என்று போட்டார். இயக்குநர் அறையிலிருந்து அரை மணி நேரத்தில், ஏற்க இயலாது என்று திரும்பி வந்தது.

இன்னொரு தாள் வாங்கி, 'வயிற்றுவலி' என்று எழுதிக் கொடுத்தார். பத்து நாளும் உடனே கிடைத்தது.